‘இப்ப வராதீங்க’: விரும்பிப் படிக்கிற கடிதங்களோட கதை

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கோம்.)



இந்த எபிசோடை நான் சென்னையில என் ரூம்ல உக்காந்து ரெக்கார்டு பண்ணல. ஐந்தருவி ரோட்டுல எங்க மாமாவோட சின்ன லாட்ஜ், அதோட மாடியில இருக்கேன். பின்னாடி ஒரு சத்தம் கேக்குதா? அது மைக் கோளாறு இல்ல. தகரக் கூரையில சாரல் விழுற சத்தம். எடிட்ல எடுக்க மனசு வரல, விட்டுட்டேன்.

குளிக்கத்தான் வந்தேன்னு சொன்னா பொய். ஒரு தப்பு பண்ணேன். அதுக்கு மன்னிப்பு கேக்க வந்தேன். அந்தத் தப்பைத் தோண்டப் போய், இதே மலையடிவாரத்துல நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதப்பட்ட சில கடிதங்கள்ல போய் முட்டிக்கிட்டேன். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். மார்க்கெட்டிங் ஈமெயில்னு ஒண்ணு இருக்கே, தினமும் காலையில படிக்காமலே அழிக்கிறோமே, அதை ஒரு மனுஷன் விரும்பிப் படிக்கிற மாதிரி எழுத முடியுமா?

முதல்ல என் தப்பு.

மாமாவோட லாட்ஜ்ல எட்டு ரூம். குற்றாலத்துல சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட், மிஞ்சினா செப்டம்பர் வரைக்கும். அந்த மூணு மாசத்து வருமானத்துலதான் மீதி ஒன்பது மாசமும் ஓடணும். மாமாகிட்ட ஒரு பழைய நோட்டு இருக்கு. வந்து தங்கினவங்க பேர், விலாசம், பக்கத்துல ஒரு குறிப்பு. ‘அம்மாவுக்கு முட்டுவலி, கீழ் ரூம்’. ‘பையன் பிளஸ் டூ, அடுத்த வருஷம் வரமாட்டாங்க’. சாரல் கட்டினதும் அந்த நோட்டைப் பார்த்து அறுபது, எழுபது பேருக்கு அஞ்சல் அட்டை போடுவார். மூணே வரி. சாரல் ஆரம்பிச்சாச்சு. ஐந்தருவியில இத்தனை கிளை விழுது. இன்ன தேதியில ரூம் இருக்கு. அவ்வளவுதான்.

சில வருஷம் மழை ஏமாத்தும். அப்பவும் அட்டை போடுவார். ‘இன்னும் தண்ணி விழல, இப்ப வராதீங்க, விழுந்ததும் எழுதுறேன்’னு. சின்ன வயசுல எனக்கு இது புரியவே புரியாது. காசு கொடுத்து அட்டை வாங்கி, வர்ற ஆளை வராதேன்னு சொல்ற வியாபாரி யாராவது இருப்பாங்களா?

அப்புறம் போன் வந்துச்சு, வாட்ஸ்அப் வந்துச்சு. நான் இன்ஜினியரிங் முடிச்சு சாஃப்ட்வேர் வேலைக்குப் போயிட்டேன். ஒரு நாள் மாமா கேட்டார்: “ஏல மருமவனே, ஒரே தட்டுல எல்லாருக்கும் போற மாதிரி ஏதோ இருக்காமே, அதை எனக்குப் போட்டுத் தாயேன்.” பெருமையா செஞ்சு கொடுத்தேன். நோட்டுல இருந்த நம்பர், ஈமெயில் எல்லாத்தையும் ஏத்தினேன். அவர் மேனேஜர் கணினியில வச்சிருந்த பில்லுல இருந்தும் எடுத்துச் சேர்த்தேன். அறுநூத்துச் சொச்சம் முகவரி. டிசைன் பண்ணேன். தலைப்பு: ‘குற்றாலம் சீசன் ஸ்பெஷல்! 20% ஆஃபர்! இன்றே முந்துங்கள்!’ ஷெட்யூல் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்.

ரெண்டு விஷயம் நடந்துச்சு. பேர் வர வேண்டிய இடத்துல பாதிப் பேருக்கு ‘அன்புள்ள ஃபர்ஸ்ட்நேம்’னு போச்சு. அது சிரிச்சுட்டுப் போற தப்பு. இன்னொண்ணு அப்படி இல்ல. மெயில் போன அன்னைக்கு மலை மேல பலத்த மழை. அருவியில வெள்ளம், குளிக்கத் தடை. அன்னைக்குத்தான் என் மெயில் ‘இன்றே முந்துங்கள்’னு சொல்லிட்டு இருந்துச்சு. அதை நம்பி ஒரு குடும்பம் மதுரையில இருந்து கார் எடுத்து வந்து, அருவிக்கு முன்னாடி போலீஸ் கட்டின கயிறைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தாங்க. மாமா அவங்ககிட்ட வாடகை வாங்கல. என்னை ஒரு வார்த்தை திட்டல. ஆனா பழைய விருந்தாளி ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டாராம்: “அண்ணாச்சி, உங்களுக்கு உடம்பு சரிதானே? இந்தத் தடவை வேற யாரோ எழுதின மாதிரி இருக்கே.”

அந்தக் கேள்விதான் என்னை இங்க கொண்டு வந்துச்சு.

நானூறு பேருக்கு ஒரே கடிதம்

இந்தத் தப்பை முதல்ல பண்ணது நான் இல்லன்னு தெரிஞ்சதுல ஒரு சின்ன ஆறுதல். 1978 மே மாசம். அமெரிக்காவுல டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்னு ஒரு கணினிக் கம்பெனி. அங்க மார்க்கெட்டிங்ல இருந்தவர் கேரி துர்க். கம்பெனி டெக்சிஸ்டம்-20 வரிசையில புது மெஷின்கள் கொண்டு வந்திருக்கு. கலிஃபோர்னியாவுல ரெண்டு இடத்துல வச்சுக் காட்டப் போறாங்க. அப்போ இன்டர்நெட் கிடையாது. அதுக்கு முன்னோடியான அர்பாநெட்தான். பயன்படுத்துறவங்க எண்ணிக்கை ரொம்பக் கம்மி, அவங்க முகவரி எல்லாம் புத்தகமாவே அச்சடிச்சுக் கிடைக்கும். துர்க் அதுல இருந்து மேற்குக் கரையில இருக்கிற ஏறக்குறைய நானூறு பேரைத் தேர்ந்தெடுத்து, எல்லாருக்கும் ஒரே மெயில் அனுப்பச் சொல்லிட்டார்.

இதுல இன்ஜினியர்களுக்கு ஒரு தமாஷ் இருக்கு. பெறுநர் முகவரி போடுற கட்டத்துக்கு ஒரு அளவு உண்டு. நானூறு முகவரி அதுல கொள்ளல. மிச்சம் வழிஞ்சு கடிதத்துக்குள்ளயே இறங்கிடுச்சு. அதனால மெயிலைத் திறந்தா முதல்ல பக்கம் பக்கமா அடுத்தவன் முகவரி, அதுக்கப்புறம்தான் விஷயம். என் ‘ஃபர்ஸ்ட்நேம்’ தப்போட தாத்தா அதுதான்.

ஜனங்க கொதிச்சுட்டாங்க. நெட்வொர்க்கை நடத்தின பாதுகாப்புத் துறை ஆளுங்க கம்பெனிக்குக் கண்டனம் சொன்னாங்க. ஆனா துர்க் பின்னாடி பேட்டிகள்ல சொன்ன கணக்குப்படி, அந்த மெயிலால ஒரு கோடி டாலருக்கு மேல விற்பனை ஆச்சாம். அதாவது மார்க்கெட்டிங் ஈமெயில் பிறந்த அன்னைக்கே அதோட ரெண்டு முகமும் தெரிஞ்சுடுச்சு. அனுப்பினவனுக்கு லாபம், வாங்கினவனுக்கு எரிச்சல். அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல நம்ம இன்பாக்ஸ்ல நடக்கிறது இந்தச் சண்டைதான்.

ஆனா இது கணினியோட பிறந்த சண்டைன்னு நினைச்சா தப்பு. தபால் காலத்துலயே இது இருந்துச்சு. நம்ம ஊர்ல அஞ்சல் அட்டை வந்தது 1879-ல, விலை காலணா. பொருளைத் தபால்ல அனுப்பி, வாங்குறவர் காசு கொடுத்ததும் விற்கிறவருக்குச் சேர்க்கிற வி.பி.பி. முறை அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி, 1877-ல. இந்த ரெண்டும் சேர்ந்ததும், கடை இல்லாதவனும் வியாபாரம் பண்ணலாம்னு ஆயிடுச்சு. கேட்லாக் அடிச்சு ஊர் ஊரா அனுப்பினா போதும். ஆனந்த விகடனை வாங்குறதுக்கு முன்னாடி எஸ்.எஸ். வாசன் பண்ணிட்டு இருந்த தொழில்ல இதுவும் ஒண்ணு. தபால்ல பொருள் விற்கிறது, விளம்பரம் பிடிச்சுக் கொடுக்கிறது. 1928-ல விகடனை வாங்கினவர், முகம் தெரியாத ஆளுக்குக் கடிதம் மூலமா விற்கக் கத்துக்கிட்டு வந்தவர். பத்திரிகையை வளர்த்ததுல அந்த அனுபவத்துக்கும் ஒரு பங்கு இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

சரி, இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். இங்க இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல கடையம்.

கடையத்துல இருந்து ஒரு சுற்றறிக்கை

1918 நவம்பர்ல பாரதியார் பத்து வருஷப் புதுச்சேரி வாழ்க்கையை முடிச்சுக்கிட்டு வெளிய வர்றார். பிரிட்டிஷ் எல்லைக்குள்ள கால் வச்சதும் கைது. கடலூர்ல மூணு வாரத்துக்கு மேல சிறை. டிசம்பர் நடுவுல விடுதலை. நேரா வர்றது கடையத்துக்கு. அது மனைவி செல்லம்மாவோட ஊர். தென்காசியில இருந்து அம்பாசமுத்திரம் போற வழியில இருக்கு. அடுத்த ரெண்டு வருஷம் பெரும்பாலும் அங்கதான்.

கையில காசு இல்ல. ஆனா எழுதிக் குவிச்சது மூட்டை மூட்டையா இருக்கு. 1920-ல அதை வச்சு ஒரு திட்டம் போடுறார். திட்டத்தை ஒரு சுற்றறிக்கையா, இங்கிலீஷ்ல, தெரிஞ்சவங்களுக்கு அனுப்புறார். இதைப் படிக்கிறப்போ எனக்குக் கவிதை ஞாபகம் வரல. ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனர் ஃபண்டிங் கேட்டு எழுதுற மெயில்தான் ஞாபகம் வந்துச்சு.

விஷயம் இதுதான். எழுதினதை எல்லாம் 40 புத்தகமாப் பிரிக்கப் போறேன். ஒவ்வொண்ணும் 10,000 பிரதி. முதலீடு 20,000 ரூபாய். ஒரு வருஷத்துல, அதிகபட்சம் ரெண்டு வருஷத்துல, ஒண்ணரை லட்சம் நிகர லாபம் வரும். நீங்க குறைஞ்சது 100 ரூபாய் கடனாக் கொடுங்க. உங்க நண்பர்கள் இருபது பேரையும் கொடுக்கச் சொல்லுங்க. பிராமிசரி நோட்டு எழுதித் தர்றேன். மாசம் 2 சதவீதம் வட்டி.

கணக்கைப் போட்டுப் பாருங்க. 40 தடவை 10,000-னா நாலு லட்சம் புத்தகம். 20,000 ரூபாயை நாலு லட்சத்தால வகுத்தா ஒரு புத்தகத்துக்கு ஓரணாவைவிடக் கம்மி. ரூபாய்க்குப் பதினாறணா இருந்த காலம் அது. அப்புறம் அந்த ‘இருபது நண்பர்கள்’ இருக்கே, அதை நாம இன்னைக்கு ரெஃபரல்னு சொல்றோம். கடிதம் கிடைச்சவங்கள்ல பத்தே பேர் சரின்னு சொல்லி, ஒவ்வொருத்தரும் இருபது பேரைக் கொண்டு வந்தா மொத்தம் 210 பேர், 21,000 ரூபாய். மேட்டர் முடிஞ்சுது. பத்துப் பேர் போதும்!

அந்தக் காலத்துல அவருக்கு இருந்த நம்பிக்கை இன்னும் பெரிசு. தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு சாதாரணமா விற்கும்னு நண்பருக்கு எழுதியிருக்கார். அன்னைக்கு சென்னை மாகாணத்துல நூத்துக்குப் பத்துப் பேர் வாக்குலதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு நாலு லட்சம் பிரதி கனவு கண்டிருக்கார்.

அந்தப் பத்துப் பேர் வரல. திட்டம் நடக்கல. 1920 கடைசியில மறுபடி சென்னை, சுதேசமித்திரன் வேலை. 1921 செப்டம்பர்ல இறந்துட்டார். வயசு 38.

பொருள் மோசமா? இல்லவே இல்ல. 1949-ல சென்னை மாகாண அரசே அந்த எழுத்துகளோட உரிமையை வாங்கிடுச்சு, அப்புறம் அதைப் பொதுவாக்கிடுச்சு. இன்னைக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்ச வீட்டுல தீப்பெட்டி இல்லாம இருக்கலாம், லைட்டர் இருக்கும். பாரதி புத்தகம் ஒண்ணாவது இருக்கும். அவர் சொன்ன சந்தை நிஜம். கடிதம் போன நேரத்துல அது வேலை செய்யல.

ஏன்? இங்க நான் ஜாக்கிரதையாப் பேசணும். ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு பாரதியாருக்கு காப்பிரைட்டிங் சொல்லிக் கொடுக்கிற ஆள் நான் இல்ல. சிறையில இருந்து இப்பத்தான் வந்தவர், போலீஸ் கண்காணிப்புல பத்து வருஷம் இருந்தவர். அவருக்குப் பணம் அனுப்பினா நமக்கு வம்பு வருமோன்னு பயந்தவங்க இருந்திருப்பாங்க. அதுக்குக் கடிதம் என்ன பண்ணும்?

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் படுது. அவர்கிட்ட ஒரு காலத்துல சொந்தமா வாசகர்கள் இருந்தாங்க. ‘இந்தியா’ வாரப் பத்திரிகை. வாராவாரம் அவர் கொடுத்துட்டே இருந்தார், அவங்க வாங்கிட்டே இருந்தாங்க. புதுச்சேரியில இருந்து அச்சடிச்சப்போ பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள அதை வரவிடாம அரசு தடுத்துச்சு. 1910-ல பத்திரிகை நின்னுபோச்சு. சுதேசமித்திரன்ல எழுதினார்தான், ஆனா அது அவரோட பத்திரிகை இல்ல, அந்த விலாசப் பட்டியல் அவர் கையில இல்ல. வாசகனுக்கும் அவருக்கும் நடுவுல இருந்த நேரடிக் கம்பியை அறுத்துட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு அவர் எழுதின கடிதம், கொடுக்கிற கடிதமா போகல. கேக்கிற கடிதமா போச்சு. அவர்கிட்ட வேற வழி இல்ல. பசியில இருக்கிறவன் எழுதினா அந்த அவசரம் எழுத்துல தெரியும், படிக்கிறவன் ஒரு அடி பின்னாடி போவான். இது நியாயமே இல்ல. ஆனா இதுதான் நடக்குது.

ஐந்தருவி ரோட்டுக்காரர்

இப்ப அதே கடையத்துல இருந்து குற்றாலம் திரும்புவோம். வருஷத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

ஐந்தருவிக்குப் போற இந்த ரோட்டுலயே ஒரு நினைவிடம் இருக்கு. சீசனுக்கு வர்ற பஸ்ஸும் காரும் அதைத் தாண்டித்தான் போகுது. பெரும்பாலும் யாரும் நிறுத்துறதில்ல. நானும் இத்தனை வருஷம் நிறுத்தினதில்ல. ரசிகமணி டி.கே.சி., டி.கே. சிதம்பரநாத முதலியார். பாரதிக்கும் இவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. வக்கீலுக்குப் படிச்சவர், சட்ட மேலவையில உறுப்பினரா இருந்தவர், 1930-கள்ல அறநிலையத் துறையில ஆணையர். திருநெல்வேலியில இவர் வீட்டுத் தொட்டிக்கட்டுல 1924 வாக்குல நண்பர்கள் கூடிக் கம்பனைப் படிக்க ஆரம்பிச்சாங்க. வட்டத்தொட்டின்னு அதுக்குப் பேர். பின்னாடி குற்றாலத்துலயே வந்து தங்கிட்டார். ராஜாஜி, கல்கி எல்லாரும் இங்க வந்து இவரோட இருந்திருக்காங்க. 1954 பிப்ரவரியில இதே ஊர்ல காலமானார்.

இவர் எழுதின புத்தகங்கள் உண்டு. ஆனா இவரைப் பத்திப் பேசுறவங்க கூடவே சொல்றது இவர் கடிதங்களை. ராஜாஜிக்கு, கல்கிக்கு, நீதிபதி மகாராஜனுக்கு, பாஸ்கரத் தொண்டைமானுக்கு, இன்னும் பலருக்கு. பின்னாடி அதைத் தொகுத்துப் புத்தகமாவே போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. யாரோ ஒருத்தர் யாருக்கோ எழுதின கடிதத்தை, சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறான். இன்னைக்கு எந்தக் கம்பெனியோட மெயிலுக்காவது அந்த யோகம் உண்டா?

அந்தக் கடிதங்கள்ல என்ன இருந்துச்சு? கம்பன் பாட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டு, அதுல எங்க நிக்கணும், எந்த வார்த்தையில உயிர் இருக்குன்னு சொல்வார். நண்பர் ஊர்ல என்ன நடக்குது, வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு விசாரிப்பார். குற்றாலத்துச் சாரல் வரும். புலவர் தமிழ் ஆட்சி பண்ணிட்டு இருந்த காலத்துல, எதிர்ல உக்காந்து பேசுற மாதிரி எழுதினார். இப்ப நாம ‘கான்வர்சேஷனல் டோன்’னு பயிற்சி வகுப்புல சொல்லித் தர்றோமே, அதுதான்.

டி.கே.சி. எதையாவது வித்தாரா? காசுக்கு விக்கல. ஆனா மார்க்கெட்டிங்னு பார்த்தா பெரிய வேலை பண்ணியிருக்கார். கம்பராமாயணம் பண்டிதருக்குத்தான், நமக்குப் புரியாதுன்னு ஒதுங்கி நின்ன ஒரு தலைமுறையை உள்ள இழுத்துட்டு வந்தார். ‘கம்பனைப் படியுங்கள், மிகச் சிறந்த காவியம்’னு அறிக்கை விட்டு இல்ல. ஒரு கடிதத்துக்கு ஒரு பாட்டு, ஒரு ஆளுக்கு ஒரு கடிதம். கடிதம் கிடைச்சவர் அந்தப் பாட்டை இன்னொருத்தர்கிட்ட சொல்லாம இருக்க மாட்டார். பாரதி கேட்டாரே இருபது நண்பர்கள், அவங்க இங்க கேக்காமலே வந்தாங்க.

ஆனா உடனே ‘பாரதி தப்பு, டி.கே.சி. சரி’ன்னு தீர்ப்பு எழுதிடாதீங்க. ஒருத்தர் பதவியில இருந்து, நிலம் நீச்சோட குற்றாலத்துல காலாற நடந்தவர். இன்னொருத்தர் அடுத்த மாசம் அரிசிக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சவர். நேரமும் நிம்மதியும் இருக்கிறவனுக்குக் கொடுக்கிற கடிதம் எழுதுறது சுலபம். இந்த வித்தியாசத்தை மறைச்சுட்டு ‘வேல்யூ கொடுங்க, தானா வரும்’னு பேசுற மார்க்கெட்டிங் குருக்களை நான் நம்புறதில்ல.

அப்போ பணக்காரன்தான் நல்ல கடிதம் எழுத முடியுமா? அதுக்குப் பதில் எங்க மாமாகிட்ட இருக்குன்னு நினைக்கிறேன். அவரும் விக்கத்தான் எழுதுறார். சீசன்ல ரூம் காலியாக் கிடந்தா அந்த வருஷம் கடன்தான். ஆனாலும் அவர் அட்டையை ஜனங்க எதிர்பார்த்தாங்க.

கயிறு கட்டின அருவி

1999-ல சேத் கோடின்னு ஒரு அமெரிக்கர் ‘பெர்மிஷன் மார்க்கெட்டிங்’னு ஒரு புத்தகம் எழுதினார். சாரம் ரொம்பச் சின்னது. அனுமதி கொடுத்தவனுக்கு மட்டும் எழுது. அவன் எதிர்பார்க்கிற மாதிரி எழுது, அவனுக்குன்னு எழுது, அவனுக்குத் தேவையானதை எழுது. அப்ப அது அறிவுரை. இப்ப கிட்டத்தட்ட சட்டம் ஆயிடுச்சு. 2024 பிப்ரவரியில இருந்து, ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்க ஒரே சொடுக்குல விலகுற வசதி வைக்கணும். ஸ்பேம்னு புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் பேருக்குப் போனா மூணு பேர் கடுப்பானாலே சிக்கல். நம்ம நாட்டோட 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுக்கிறது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்ப வாங்குறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு சொல்லுது.

நான் அந்த அறுநூறு பேருக்கு அனுப்பினேனே, அதுல பாதி முகவரி பில்லுல இருந்து எடுத்தது. பில்லுக்குக் கொடுத்த ஈமெயில் பில்லுக்குத்தான். அது அனுமதி இல்ல. மாமாவோட நோட்டுல இருந்தவங்க கிளம்பும்போது “சாரல் கட்டினா ஒரு வரி போடுங்க அண்ணாச்சி”ன்னு கேட்டவங்க. அந்த நோட்டு ஒரு பெர்மிஷன் லிஸ்ட். மாமா எந்தப் புத்தகமும் படிக்கல.

அளவுகோலையும் தப்பா வச்சிருந்தேன். எத்தனை பேர் திறந்தாங்கன்னு டேஷ்போர்டைப் பார்த்துட்டு இருந்தேன். 2021-ல ஆப்பிள் கொண்டு வந்த தனியுரிமை வசதிக்கு அப்புறம் அந்த எண்ணையும் முழுசா நம்ப முடியாது. மனுஷன் திறக்காட்டியும் அவங்க சர்வரே படத்தை இறக்கிடும், நம்ம கணக்குல திறந்ததா விழும். மாமாவோட அளவுகோல் வேற. இந்த வருஷம் அட்டை வரலன்னா யார் போன் பண்ணிக் கேப்பாங்க?

நேத்து ராத்திரி மாமாகிட்ட கேட்டேன். “வராதீங்கன்னு ஏன் மாமா எழுதுவீங்க? நமக்கு நஷ்டம்தானே?”

“ஒரு நாள் ரூம் நஷ்டம். பொய் சொல்லிக் கூப்பிட்டேன்னு வையி, அவன் வர்றது அதோட நின்னுரும். அவன் தம்பி, மச்சான், ஆபீஸ்காரன் எல்லாம் நின்னுருவான்.” கொஞ்ச நேரம் வெளிய பார்த்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார். “தண்ணி விளையாட்டு இல்ல மருமவனே. பழைய அருவியில அந்தப் பையன் போனான்லா.”

2024 மே மாசம். பழைய குற்றால அருவியில திடீர்னு காட்டாற்று வெள்ளம். பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போய் இறந்துட்டான். கீழ வெயில் அடிச்சாலும் மலை மேல பெய்ற மழை தெரியாது. இந்த ஊர்ல ‘தண்ணி விழுதா, குளிக்க விடுறாங்களா’ங்கிறது சும்மா விசாரிக்கிற கேள்வி இல்ல. அதுக்குச் சரியான பதில் சொல்ற ஆளைத்தான் ஜனம் தேடுது. ‘இன்றே முந்துங்கள்’னு நான் அனுப்பினப்போ மலை மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. மெயில் ஷெட்யூல்ல போச்சு. அருவி ஷெட்யூல்ல விழாது.

எனக்கு இதுல இருந்து புரிஞ்சது ஒண்ணுதான். அனுப்புறவனுக்கு நஷ்டம் வந்தாலும் படிக்கிறவனுக்கு உண்மையைச் சொல்ற கடிதத்தைத்தான் ஜனங்க காத்திருந்து படிப்பாங்க. ‘வராதீங்க’ன்னு சொன்ன ஆள் ‘வாங்க’ன்னு சொன்னா, உடனே பெட்டியைக் கட்டுவாங்க. தலைப்புல எமோஜி வைக்கலாமா, செவ்வாய்க்கிழமை காலையில அனுப்பலாமா எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இந்தத் தொழில்நுட்பம் எல்லாம் அமெரிக்காவுலதான் இருக்குன்னும் நினைக்காதீங்க. தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில ஜோஹோவோட அலுவலகம் இருக்கு. அந்தக் கம்பெனி விக்கிற சாஃப்ட்வேர்ல ஒண்ணு, மொத்தமா மார்க்கெட்டிங் ஈமெயில் அனுப்புறதுக்கானது. பத்துப் பேர் கிடைக்காம ஒரு கவிஞர் காத்திருந்த அதே வட்டாரம். இன்னைக்கு ஒரு பட்டனைத் தட்டினா லட்சம் பேருக்குப் போகும். அனுப்புறது சுலபமாயிடுச்சு. என்ன சொல்லணுங்கிறது மட்டும் 1920-ல எவ்வளவு கஷ்டமோ இன்னைக்கும் அவ்வளவு கஷ்டம்.

சரி, இப்ப என்ன பண்ணியிருக்கோம்? அறுநூறைத் தூக்கிட்டோம். நோட்டுல கேட்டவங்க மட்டும், எழுபத்துச் சொச்சம் பேர். முதல்ல ஒரு மன்னிப்பு மெயில். அதுல ஆஃபர் கிடையாது. அந்த மதுரைக் குடும்பத்துக்கு நானே போன் பண்ணிப் பேசினேன். இனிமே ஷெட்யூல் கிடையாது. மாமா காலையில ஐந்தருவி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துட்டு வந்து சொல்வார், நான் டைப் பண்ணுவேன். சொல்ல ஒண்ணும் இல்லாத நாள்ல மெயில் இல்ல.

இன்னைக்குக் காலையில போனதைப் படிச்சுட்டு முடிச்சுக்கிறேன். நான் ‘இதமான சாரல், மனதை மயக்கும்’னு ஒரு வரி ஆரம்பிச்சிருந்தேன். மாமா அதை அடிச்சுட்டார். மிச்சம் இதுதான்:

‘வணக்கம். நேத்து ராத்திரி மலையில நல்ல மழை. ஐந்தருவியில அஞ்சு கிளையும் சேர்ந்து விழுது, அதனால குளிக்க விடல. சாயங்காலம் விடலாம்னு சொல்றாங்க, உறுதி இல்ல. ரெண்டு ரூம் காலியா இருக்கு. ஆனா இன்னைக்குக் கிளம்பாதீங்க. நாளைக்குப் பார்த்துட்டு எழுதுறேன்.’

பத்து நிமிஷத்துல ஒரு பதில் வந்துச்சு. உடம்பு சரிதானான்னு போன் பண்ணிக் கேட்டாரே, அவர்தான். ‘சரி அண்ணாச்சி, காத்திருக்கோம்’னு எழுதியிருந்தார்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. குற்றாலம் வர்றதா இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி இங்க இருக்கிற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.